புரட்டாசி நடைக்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்

புரட்டாசி நெருங்கும்போது, என் அறைக்கு வரும் சிலரது பேச்சில் ஒரு தயக்கம் தென்படுகிறது. "அடுத்த மாதம் ஒரு வாரம் ஊரில் இருக்கமாட்டேன், மாத்திரையைச் சேர்த்தே எழுதிக் கொடுங்கள் அம்மா" என்பார்கள். எங்கே செல்கிறீர்கள் என்று கேட்டால், உறவினர் வீட்டுத் திருமணம் என்று பதில் வரும். உடன் வந்த மனைவி தலையைக் குனிந்துகொள்வார். சுங்குவார்சத்திரத்தில் சில ஆண்டுகள் நீரிழிவு மருத்துவம் பார்த்த பிறகு, அந்தத் திருமணங்களில் பல திருமலையில்தான் நடக்கின்றன என்று அறிந்துகொண்டேன்.

இங்கிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. மூன்று நான்கு நாட்கள் நெடுஞ்சாலையில் நடந்து, அலிபிரியில் 3,550 படிகள் ஏற வேண்டும். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் இதைவிட நீண்ட தொலைவு நடப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். இத்தகைய பயணத்தை மருத்துவரிடம் மறைக்க வைத்தது யார்? மருத்துவர்களாகிய நாங்கள்தான் என்பது என் கருத்து.

என் பிழையையே சான்றாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஒரு தொழிலாளி, நடைப்பயணம் போகலாமா என்று என்னிடம் கேட்டார். அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். மறு ஆண்டு அவர் கேட்கவில்லை. வெறுங்காலுடன் நடந்து சென்றார். உள்ளங்காலில் ஏறிய கண்ணாடிச் சில்லுடன் இரண்டு நாட்கள் நடந்திருக்கிறார், வலிக்கவேயில்லை. ஊர் திரும்பிய பின், படுக்கை விரிப்பில் ஈரத்தைக் கண்ட மனைவிதான் அவரை அழைத்து வந்தார். இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. "நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்றுதான் சொல்லவில்லை அம்மா" என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசியிருந்தால் அந்த விரல்கள் தப்பியிருக்கக்கூடும்.

ஆகவே நான் இப்போது கூடாது என்ற சொல்லில் தொடங்குவதில்லை. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே வாருங்கள் என்கிறேன். ஆவணித் தொடக்கத்தில் வந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. புறப்படும் நாளுக்கு முன்தினம் வந்தால் எச்சரிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது.

முதலில் பாதத்தைச் சோதிப்போம். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொடுவோம். கண்களை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். வலியும் இல்லை, செலவும் இல்லை. தெரியவில்லை என்றால், காலின் காவல் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அத்தகையோர் சாலையில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நம் பகுதித் தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் காலணி இல்லாமல் ஒருவரையும் பணியிடத்துக்குள் விடுவதில்லை. வலியை உணரும் காலுக்கே அந்தக் காவல் என்றால், வலியை உணராத காலைக் கொதிக்கும் தாரில் இறக்குவது எப்படி நியாயமாகும்? காலணி கழற்றியே ஆக வேண்டிய இடங்களில், வெயில் ஏறுமுன் நடந்து, முடித்தவுடன் பாதத்தைப் பாருங்கள்.

புதுச் செருப்பைப் பயணத்துக்கு முன்தினம் வாங்காதீர்கள். ஆறு வாரத்துக்கு முன் வாங்கி, அதையே அணிந்து நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கத் தொடங்கி, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டுங்கள். கடைசி வாரங்களில், சுமக்கப்போகும் பையைத் தோளில் மாட்டியே நடந்து பாருங்கள். இரவுப் பணி முடித்தவுடன், உறங்காமல் பயணத்தைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது பை. பெரும்பாலான குழுக்களில் சுமைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி முன்னே சென்றுவிடும். பாயும் மாற்றுத்துணியும் அதில் போகட்டும். மருந்துப் பை மட்டும் உங்கள் உடலோடு இருக்க வேண்டும். மயக்கம் வரும் வேளையில், சர்க்கரைப் பொட்டலம் பத்துக் கிலோமீட்டர் முன்னால் இருந்து பயனில்லை.

அந்தப் பையில், பயண நாட்களுக்கு வேண்டியதோடு இரண்டு நாட்களுக்கு மிகுதியாக மாத்திரைகளை அட்டையுடனே வையுங்கள்; காகிதத்தில் மடித்த மாத்திரை எது என்று எல்லை கடந்தபின் எவராலும் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் இருக்கட்டும். நகரியிலோ புத்தூரிலோ உள்ள மருந்துக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். ஆங்கிலத்தில் எழுதிய மருந்தின் பெயர் புரியும். இன்சுலினை வண்டியின் முன்கண்ணாடி அருகில் வைக்காதீர்கள். பனிக்கட்டியின் மேலும் வைக்காதீர்கள். நீர் புகாத உறையிலிட்டு, ஈரப் பருத்தித் துண்டைச் சுற்றி நிழலில் எடுத்துச் செல்லுங்கள். இவற்றோடு சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, பருத்திக் காலுறை மூன்று இணை, கட்டுத்துணி, ஒட்டுப் பட்டை, ஒரு சிறு கைக்கண்ணாடி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவை போதும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை முழு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதி நீரில் கரைத்தால் உப்பு மிகும். இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவேளை உணவு, நாள் முழுதும் நடை, வழக்கமான அளவில் கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் என மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். நடந்த அன்று இரவு உறக்கத்திலும் அது நேரலாம். நடுக்கம், வியர்வை, பதற்றம், குழறும் பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். குறைவாகவே இருந்தால் மறுமுறை பருகுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். ஆந்திரத்திலும் அதே எண்தான். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிபுளோசின் போன்ற மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வெயிலில் உடலின் நீரை மேலும் குறைத்துவிடும். எதை எவ்வளவு குறைப்பது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். அதற்காகத்தான் முன்கூட்டியே வரச் சொல்கிறேன்.

உடன் செல்லும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்தில் விளக்கொளியில் அவரது உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் தூய துணியால் மூடுங்கள். அன்புள்ளம் கொண்டோர் வெந்நீர் வைத்துக் கொடுத்தால், அதில் முதலில் உங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். உணர்விழந்த கால் வெந்துபோவதும் அவருக்குத் தெரியாது. இருட்டில் நடப்பதானால், பணிக்கு அணியும் ஒளிரும் மேலுடையை மறவாமல் எடுத்து வாருங்கள்.

நம் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், உபதேசம் வேண்டித் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு. தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு வரும்படி நம்பிகள் பணித்தபோது, அவர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் அழைத்துச் சென்று, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றாராம். நடைப்பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றுள் தலையாயது நல்ல துணை என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் தேட வேண்டியதில்லை.

பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோரிடம் நான் இன்றும் இந்த ஆண்டு வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் காரணத்தைச் சொல்வேன். எப்போது போகலாம் என்பதையும் சேர்ந்து பேசுவோம். பதினேழு முறை வெறுங்கையுடன் திரும்பியவரை நாம் தோற்றவர் என்று சொல்வதில்லை. ஓர் ஆண்டு பொறுத்தவரையும் வேண்டுதல் தவறியவர் என்று சொல்ல வேண்டாம்.

விரல்களை இழந்த அந்த அன்பர் சென்ற மாதம் வந்திருந்தார். இம்முறை முன்கூட்டியே கேட்டார். நடக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழுவின் வண்டியில் சென்று, மாலையில் மற்றவர்களின் பாதங்களைப் பார்க்கும் பணியைத் தாம் செய்யலாமா என்று கேட்டார். எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அரைமணி நேரம் கற்றுக்கொடுத்தேன். வெளியே அன்றும் பலர் காத்திருந்தனர், அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

நீங்களும் வாருங்கள். திருமணம் என்று சொல்ல வேண்டாம்; திருமலை என்றே சொல்லுங்கள்.