காப்பிப் பாத்திரமும் காவல் நாயும்

நல்லம்பள்ளி டீக்கடை பெஞ்சில் இப்போதெல்லாம் பேப்பருக்குச் சண்டையில்லை. ஆளுக்கொரு கைபேசி, அதில் உலகத்து வேடிக்கையெல்லாம் வந்து கொட்டுகிறது. நானும் சிலவற்றைப் பொறுக்கினேன்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் காப்பி இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல் பட்ட கம்ப்யூட்டர் நிபுணர்கள், 1991-ல் காப்பிப் பாத்திரத்தின் எதிரே ஒரு காமிராவை வைத்தார்கள். 1993 முதல் 2001 வரை அந்தப் பாத்திரத்தை இணையத்தில் உலகமே பார்த்தது! சோம்பலுக்கு இப்படியும் ஒரு கீர்த்தி!

கனடாவில் கைல் மக்டொனால்டு என்பவர் ஒரு சிவப்பு ஜெம் கிளிப்பில் தொடங்கி, 14 பண்டமாற்றுகள் செய்து, 2006-ல் வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார். நம்மூர் ஆட்டுச் சந்தையில் கிளிப்பை நீட்டிப் பாருங்கள். ஆட்டுக்குட்டி கூடத் திரும்பிப் பார்க்காது!

சிரித்தாயிற்று. இனி ஒரு சங்கதி.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. வீரன் கருந்தேவகத்தியோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததைக் கல்லே சொல்கிறது. இதைவிடவா காப்பிப் பாத்திரம் அதிசயம்?

தகடூர்ச் சீமையும் நடுகல் பூமிதான். தருமபுரியில் நடுகற்களுக்கென்றே அகழ்வைப்பகம் இருக்கிறது. ஆனால் வரப்போரத்திலும் புதரிலும் கிடப்பவற்றை யார் பார்ப்பது? வாலிபர்களே! வேடிக்கை பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதே கைபேசியால் உங்கள் ஊர்க் கல்லையும் ஒரு படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல் உடைபட்டால் கதையும் போய்விடும்.