பெப்டைடு ஊசிப் புரட்டு

உடல் இளைப்பதற்கென்று “பெப்டைடு” என்னும் ஊசிமருந்து கைப்பேசி வழியாக விற்கப்படுகின்றதே, அதை வாங்கலாமா என்று நசரத்பேட்டைத் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கின்றார்கள். தாயத்தையும் மந்திரித்த விபூதியையும் விட்டொழித்த தோழர்களே இப்படிக் கேட்பதால் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

குப்பியின்மேல் “ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்திற்கல்ல” என்று காகிதம் ஒட்டியிருக்கின்றது. விற்கிறவனோ வாரம் எவ்வளவு குத்துவது, வயிற்றிலா தொடையிலா என்பதையெல்லாம் தனிச் செய்தியில் சொல்லிக் கொடுக்கின்றான். நசரத்பேட்டையில் எந்த வீட்டு அடுப்பங்கரையில் ஆராய்ச்சிசாலை இருக்கின்றது? பரிகாரம் பலிக்காவிட்டால் “உனக்கு நம்பிக்கை போதாது” என்று நழுவும் புரோகிதனுக்கும், ஆபத்து வந்தால் “மனிதருக்கல்ல என்று எழுதியிருந்தோமே” என்று நழுவும் இவனுக்கும் என்ன பேதம்? புரோகிதனாவது தட்சணையோடு விட்டான்!

பெப்டைடு என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. அது புரதத்தின் சிறு துண்டு. இன்சுலினும் அந்த ஜாதிதான். பேர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. டிர்செபடைடு என்னும் மருந்தை 2,539 பேரை வைத்து 72 வாரம் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்குச் சராசரி 20.9 சதவிகித எடை குறைந்தது. 2025-இல் அது முறைப்படி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இதை நாம் மறுக்கவில்லை. ருஜு உள்ளதை மறுப்பது பகுத்தறிவல்ல. ஆனால் அதற்கும் வாந்தி, பேதி, சிலருக்குக் கணைய வீக்கம் என்ற தொல்லைகள் உண்டு. அதனால்தான் வைத்தியர் சீட்டு வேண்டுமென்பது.

குப்பிக்காரன் காட்டும் ருஜுவோ இரவல் ருஜு. ரெடாட்ருடைடு 2023-இல் 338 பேரிடம் செய்த சோதனையில் 48 வாரத்தில் 24.2 சதவிகிதம் வரை எடையைக் குறைத்தது உண்மை. அடுத்த கட்டச் சோதனை முடிவதற்கு முன்பே அதே பேரில் குப்பிகள் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றில் இருப்பது அந்தச் சரக்குத்தானா, எவ்வளவு இருக்கின்றது, கிருமியற்றதா என்று பார்த்தவர் யார்? இன்னொரு குப்பியான ஏஓடி-9604 என்பதன் யோக்கியதை இதைவிட மோசம். எடை குறையவில்லை என்று அதைச் செய்த கம்பெனியே 2007-இல் கைவிட்ட சரக்கு அது!

சட்டம் இல்லாமலில்லை. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் மருந்து செய்து விற்கிறவனுக்கு 3 முதல் 5 வருஷம் சிறை. ஒரு சரக்கு மருந்தா அல்லவா என்பதை ஒட்டிய காகிதம் தீர்மானிப்பதில்லை. எதற்காகக் கொடுக்கின்றான் என்பதே தீர்மானிக்கின்றது. அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2024 டிசம்பரில் இத்தகைய வியாபாரிகளுக்கு இதையே எழுதி எச்சரித்தது. நம் 1954-ஆம் வருஷத்து மாய மருந்து விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் இருக்கின்றது. அதாவது, அதைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம். பின் ஏன் விளம்பரம் தாராளமாக நடக்கின்றது? மருந்துக் கடைக்குள் நுழைந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் கைப்பேசிக்குள்ளும் கொஞ்சம் நுழையக்கூடாதா?

நிற்க, வாங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண் மக்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல் பெண்ணின் இடுப்பைப் பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிறுத்த யோக்கியதையில்லாத பெற்றோர், மகளை ஊசி குத்திக்கொள்ளச் சொல்லுகின்றார்கள். 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, யூட்யூபில் பார்த்து, உடல் இளைக்குமென்று வெங்காரம் தின்று செத்தாள். அதைச் சொன்னவனுக்கு என்ன நஷ்டம்?

குப்பியும் பணம் கட்டிய ரசீதும் கையிலுள்ளவர்கள் அவற்றை எறிந்துவிடாமல், தேனாம்பேட்டையிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் ஆபீசில் எழுத்துமூலமான புகாரோடு கொடுக்க வேண்டுகின்றோம். ஏற்கனவே குத்திக்கொண்டு வயிற்றுவலி, ஓயாத வாந்தி கண்டவர்கள் வெட்கப்படாமல் குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.