ராணி வந்தால் வெற்றியா?

"ராணி எடுத்திட்டான், இனி வெற்றிதான்" என்று போட்டி மண்டபத்தில் கை தட்டும் பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள். எதிராளியின் சிப்பாய் ராணியாக ஒரு கட்டம்தான் பாக்கி, நம் ராஜா தூரத்தில். நடுச்சிப்பாய் என்றால் வெல்லலாம். செக் வைத்து வைத்து அந்த ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் தள்ள வேண்டும். அந்த இடைவெளியில் நம் ராஜா ஒரு கட்டம் நெருங்கும். பொறுமை வேண்டிய வேலை. ஓரச்சிப்பாய் என்றால் ராஜா மூலைக்குள் போய்விடும், நகர இடமில்லை, பெரும்பாலும் சமநிலைதான். பிஷப் வரிசையிலோ, மூலையில் ராஜா இருக்கையில் சிப்பாயை வெட்டினாலே சமநிலை!

இதையெல்லாம் விட்டுவிட்டு நாலு நகர்வு மேட்டை மட்டும் காட்டி மாதாமாதம் காசு வாங்கும் வகுப்புகளுக்கு ஏன் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்? கிண்ணம் காட்டினால் போதுமா? நாளைக்கே பயிற்றுவிப்பாளரிடம் இந்த நிலையைப் பலகையில் வைத்துக் கேளுங்கள்.