டெக்னீஷியன் வந்தால் மட்டும் ஒழுங்காக ஓடும் இணையம்: என்ன செய்யலாம்?

"இப்ப நல்லாத்தானே வருது?"

வீட்டு இணையத்தைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியன் இப்படிக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நேற்று மாலை அலுவலகக் கூட்டத்தில் நான்கு முறை தொடர்பு அறுந்தது. அவர் வந்த 20 நிமிடத்தில் மட்டும் எல்லா விளக்கும் பச்சை. அவர் கிளம்பிப் போனார். இரவுக்குள் மறுபடியும் போச்சு!

என் வீட்டில் நடந்த கதை இது. இரண்டு முறை ஆள் வந்தும் "பழுது இல்லை" என்றே முடிந்தது. மூன்றாம் முறைதான் கோளாறு பிடிபட்டது. அந்த முறை என் கையில் ஒரு பட்டியல் இருந்தது.

பெரிய தடை, சின்னத் தடை

2020இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரத்தில் ஸ்டார்ஹப், எம்1 சேவைகள் தடைபட்டன. தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் விசாரித்தது. ஸ்டார்ஹப்புக்கு 210,000 வெள்ளி, எம்1க்கு 400,000 வெள்ளி அபராதம் விதித்தது.

அவை ஊருக்கே தெரிந்த தடைகள். ஒரே ஒரு வீட்டில், அதுவும் விட்டு விட்டு வரும் தடை வேறு யார் கண்ணிலும் படாது. அதற்குச் சாட்சி நீங்கள் மட்டும்தான்.

முதல் கேள்வி: வைஃபையா, இணைப்பா?

மடிக்கணினியை லேன் கம்பி மூலம் நேராக ரவுட்டரில் இணைத்துப் பாருங்கள். கம்பியில் ஒழுங்காக ஓடுகிறது, கைத்தொலைபேசியில் மட்டும் அறுந்துபோகிறது என்றால் பிரச்சினை வைஃபையில்தான்.

நம்ம ஊரில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாதுகாப்பறை இருக்கிறது. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அலை எப்படி வெளியே வரும்? ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

அக்கம்பக்கத்து வைஃபையும் குறுக்கிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கம்பியிலும் அறுந்துபோகிறதா? அடுத்த படிக்குப் போகலாம்.

ஸ்விட்சைத் தொடாதீர்கள், முதலில் படம் எடுங்கள்

இணையம் போனதும் நம் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்க. கண்ணாடியிழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் விளக்குகளை முதலில் படம் எடுங்கள். அணைத்துப் போட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

* 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பு: ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. கம்பி மடங்கியிருக்கலாம், இணைப்பில் தூசி இருக்கலாம், வெளியே பழுது இருக்கலாம்.
* எல்லா விளக்கும் அணைந்து மறுபடியும் எரிகிறது: மின் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.
* விளக்குகள் இயல்பாக இருந்தும் இணையம் இல்லை: ரவுட்டரிலோ நிறுவனத்தின் கட்டமைப்பிலோ கோளாறு இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கண்ணாடியிழைக் கம்பியைக் கழற்றி அதன் முனையைப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

மூன்று நாள் பட்டியல்

எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு நேரம், வைஃபையா கம்பியா, எந்த விளக்கு? கைத்தொலைபேசியில் இந்த நான்கை மட்டும் குறித்துவாருங்கள். வேகச் சோதனையின் படம் மட்டும் போதாது. அந்த ஒரு நிமிடம் எப்படி இருந்தது என்பதைத்தான் அது காட்டும்.

என் பட்டியலைப் பார்த்த மூன்றாவது டெக்னீஷியன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் வீட்ல என்ன நடக்கும்?"

பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், பெரியவர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரம். செருப்பு அலமாரியைத் திறந்து மூடும் நேரம்! அதன் பின்னால் கண்ணாடியிழைக் கம்பி நசுங்கிக் கிடந்தது. டெக்னீஷியன்கள் காலணியை வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அவர்கள் இருந்தவரை அலமாரியை யாரும் தொடவில்லை. தவறு எங்கள் வீட்டில்தான். ஆனா, பட்டியல் இல்லாமல் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

யார் பொறுப்பு?

வீட்டுச் சுவரில் கண்ணாடியிழை வந்து முடியும் சிறு பெட்டி வரை உள்ள கட்டமைப்பு நெட்லிங்க் டிரஸ்ட்டுடையது. இணையச் சேவையை விற்பது நீங்கள் மாதக் கட்டணம் செலுத்தும் நிறுவனம். புகாரை அந்த நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அது நெட்லிங்க்கிடம் பேசும்.

ஆகவே, வந்திருப்பவர் யார் சார்பில் வந்திருக்கிறார் என்று கேளுங்கள். சாதனங்களை மட்டும் பார்க்க வந்தவரிடம் வெளியே உள்ள கம்பியைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. வருகைக்குக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டிய ஒரு எண்

"ஒளி அளவு எவ்வளவு காட்டுது?" இதை மறக்காமல் கேளுங்கள். அது டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாக வரும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 20 இருந்த இடத்தில் மைனஸ் 23 என்றால் பாதி ஒளிதான் வருகிறது. மைனஸ் 27ஐ நெருங்கினால் பல பெட்டிகள் திணறும்.

வேலைக்கு முன்னும் பின்னும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணையும் வாங்குங்கள். "இரண்டு நாள் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் புகாரை மூடாதீங்க" என்று பணிவாகவே கேட்கலாம். அவருக்கு அன்றைக்கு இன்னும் பல வீடுகள் இருக்கும். குரலை உயர்த்துவதைவிடப் பட்டியலை நீட்டுவதே அவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

அப்படியும் தீரவில்லையா?

தொலைத்தொடர்பு, ஊடகச் சேவை வாடிக்கையாளர்களுக்கான மாற்றுத் தகராறுத் தீர்வுத் திட்டம் 2022இல் தொடங்கியது. சிங்கப்பூர் சமரச நிலையம் அதை நடத்துகிறது. ஆனால் முதலில் நிறுவனத்துடன் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். அதற்கும் தேவை அதே பட்டியல்தான்.

"வேகமான திட்டத்துக்கு மாறுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நாடளாவிய இணையக் கட்டமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் வேகம் வேறு, நிலைத்தன்மை வேறு. செருப்பு அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய கம்பி 10 கிகாபிட்டிலும் நசுங்கிய கம்பிதான்.