புது ஜெனரேட்டரைப் புயலுக்கு முன்பே பழக்குங்கள்

ஒரகடம் ஆலை ஒன்றில் ஜெனரேட்டர் பராமரிப்பு என் வேலை. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சிங்கப்பெருமாள் கோவிலில் ஜெனரேட்டர் வாங்கிய பலர் அதை மூடியே வைத்திருக்கிறார்கள். இது தவறு. பிஸ்டன் ரிங் சிலிண்டரில் சரியாகப் படிய, லோடு ஏறி இறங்க வேண்டும்.

என் வீட்டில் அதை ஸ்மார்ட் பிளக்குகளே பார்த்துக்கொண்டன: முதலில் மின்விசிறிகள், பிறகு அயர்ன் பாக்ஸ், கடைசியில் 16 ஆம்பியர் பிளக்கில் கீசர். செல்போனில் நேரம் குறித்துவிட்டால் தானே மாறும். வைஃபை ரவுட்டருக்கும் ஜெனரேட்டர் மின்சாரம்தான் வேண்டும், மறக்காதீர்கள். 20 மணி நேரம் ஓடியதும் வடித்த ஆயிலில் உலோகத்தூள் மினுங்கியது. அதனால்தான் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வெளியே வைத்தே ஓட்டுங்கள். புகை உயிரைப் பறிக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் இணைக்காதீர்கள். கம்பத்தில் ஏறும் மின் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது.