வானம் யாருடைய பொறுப்பு?

2024 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ‘ஒற்றை ஐரோப்பிய வானம்’ குறித்த திருத்தச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் முதல் வரைவு 2013-இல் முன்வைக்கப்பட்டது. திட்டமோ 1999-இலேயே தொடங்கியது. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் ஐரோப்பாவின் வான்போக்குவரத்தை முப்பதுக்கும் மேற்பட்ட தேசிய நிறுவனங்கள் ஏறத்தாழ 60 கட்டுப்பாட்டு மையங்களிலிருந்து நடத்திவருகின்றன. ஏறக்குறைய அதே பரப்புடைய அமெரிக்க நிலப்பகுதியில் ஒரே நிறுவனம் 20 மையங்களைக் கொண்டு அதைவிட மிகுதியான விமானங்களைக் கையாள்கிறது. இந்த வேறுபாட்டுக்கு விமான நிறுவனங்களின் அறிக்கைகளிலும், பல ஆய்வுக் கட்டுரைகளிலும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: நாடுகள் தங்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்க மறுக்கின்றன.

இக்கூற்று பொய்யன்று; ஆனால் போதாது. ‘இறையாண்மை’ என்ற ஒரு சொல்லுக்குள் ஒவ்வொரு நாடும் வெவ்வேறு பொருளை வைத்துப் பூட்டியிருக்கிறது. சில நாடுகள் அதன் பெயரால் காப்பது வருவாயை, சில, இராணுவத்தை, சில, அரசு ஊழியர்களின் நிலையை. இவற்றுக்கு அப்பால் உண்மையான மக்களாட்சிக் கேள்வி ஒன்றும் அதற்குள் இருக்கிறது. ஒரு நாட்டின் வானில் தவறு நேர்ந்தால், அந்நாட்டு மக்களுக்கு யார் பதில் சொல்வது? ஒருங்கிணைப்பை ஆதரிப்போர் இந்தக் கேள்வியையும் மற்றவற்றோடு சேர்த்துப் பிடிவாதம் என்று ஒதுக்கியதே திட்டம் தேங்கியதற்கான காரணங்களுள் முதன்மையானது.

1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, பிறர்க்கு இடமில்லாத இறையாண்மை உண்டு என்று அறிவித்துவிட்டது. எனினும் 1960-இல் ஆறு நாடுகள் யூரோகண்ட்ரோல் அமைப்பை உருவாக்கியபோது, உயர்வான்வெளியின் கட்டுப்பாட்டைப் பொது அமைப்பிடம் ஒப்படைப்பதே நோக்கமாக இருந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வருவதற்குள்ளாகவே பிரான்சும் பிரிட்டனும் பின்வாங்கின. பனிப்போரின் உச்சத்தில், போர்விமானங்கள் பறக்கும் வானை ஒரு பன்னாட்டு அலுவலகத்திடம் தர அவை விரும்பவில்லை. அக்காலத்தில் அது வியப்புக்குரியதன்று. அந்தக் காரணம் காலப்போக்கில் தேய்ந்த பிறகும் ஏற்பாடு மட்டும் தேயவில்லை என்பதே வியப்பு.

பொறுப்பு என்ற கேள்வி எவ்வளவு கடுமையானது என்பதை 2002 ஜூலை 1-ஆம் நாள் இரவு காட்டியது. ஜெர்மனியின் தென்கோடியில், யூபர்லிங்கன் நகருக்கு மேலே, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா சென்ற டூபொலெவ் பயணிகள் விமானமும், பெர்காமோவிலிருந்து பிரசல்ஸ் சென்ற போயிங் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிக் குழந்தைகள். மோதல் நிகழ்ந்தது ஜெர்மானிய வானில். அந்த வானைக் கட்டுப்படுத்தியதோ சூரிச்சிலிருந்த ஸ்விட்சர்லாந்து நிறுவனமான ஸ்கைகைடு. அன்றிரவு அங்கே ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு பணிமேசைகளை ஒருசேரக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணிக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்திலிருந்த கட்டுப்பாட்டாளரின் திரையில் மோதல் எச்சரிக்கை முன்னரே தோன்றிவிட்டது. அவர் சூரிச்சை மீண்டும் மீண்டும் அழைத்தார், இணைப்புக் கிடைக்கவில்லை. அவ்விமானங்கள் அவருடைய அலைவரிசையிலும் இல்லை. சூரிச்சிலிருந்து டூபொலெவுக்குக் கீழிறங்க ஆணை சென்றது. விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ மேலேறச் சொன்னது. விமானி மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டார்.

ஒருங்கிணைப்பை ஆதரிப்போர் இந்நிகழ்வைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுவதுண்டு: இரு மையங்களும் ஒரே அமைப்பாக இருந்திருந்தால் எச்சரிக்கை பயன்பட்டிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் எழுந்த வினா வேறு. 2006 ஜூலையில் கான்ஸ்டன்ஸ் மாவட்ட நீதிமன்றம், விமான நிறுவனத்துக்கு ஜெர்மானிய அரசே இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு அரசின் இறையாண்மைப் பணி. அதை வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கச் செல்லத்தக்க உடன்படிக்கை எதுவும் இல்லை. எனவே ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் பிழை ஜெர்மனியின் பிழையே என்பது தீர்ப்பின் சாரம். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு பல ஆண்டுகள் இழுபட்டுச் சமரசத்தில் முடிந்தது. தீர்ப்பின் அதிர்வு மட்டும் முடியவில்லை. பல்லாண்டுகளாகத் தென்ஜெர்மனியின் மேலே ஆயிரக்கணக்கான விமானங்களை வழிநடத்திவந்த ஓர் ஏற்பாடு, இரு நிறுவனங்களுக்கிடையிலான நடைமுறைக் கடிதங்களின் மேல் நின்றிருந்தது என்பது அன்றுதான் பொதுவெளிக்கு வந்தது.

இதற்கிடையில் நடந்தவற்றையும் மறக்கலாகாது. பணியிலிருந்த கட்டுப்பாட்டாளர் 2004-இல், குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு தந்தையால் கொல்லப்பட்டார். 2007-இல் ஸ்விட்சர்லாந்து நீதிமன்றம் ஸ்கைகைடு அலுவலர் நால்வரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. பொறுப்பு யாருடையது என்று அரசுகள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அதன் சுமை தனிமனிதர்கள் தலையில் இறங்கியது.

ஜெர்மனி இதற்கு அளித்த விடை கவனத்துக்குரியது. தன் வான்போக்குவரத்து நிறுவனத்தின் பங்குகளைத் தனியாருக்கு விற்கும் சட்டத்தில் கையெழுத்திட, குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர் 2006 அக்டோபரில் மறுத்தார். அரசியலமைப்பு அதற்கு இடம்தரவில்லை என்றார். 2009-இல் நாடாளுமன்றம் அடிப்படைச் சட்டத்தின் 87டி பிரிவையே திருத்தி, ஐரோப்பியச் சட்டப்படி அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் இப்பணியைச் செய்யலாம் எனச் சேர்த்தது. இறையாண்மை பேசும் நாடு ஒருங்கிணைப்புக்கு எதிரானது என்ற எளிய சமன்பாடு இங்கே உடைகிறது. கதவைத் திறப்பதற்கு முன், திறக்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்று அந்நாடு தன் அரசியலமைப்பைக் கேட்டது. அதைப் பிடிவாதம் என்பது நியாயமாகாது.

ஒருங்கிணைப்பு நடைமுறையில் வெற்றிபெற்ற இடமும் இதையே உறுதிசெய்கிறது. மாஸ்ட்ரிக்ட் மையம் 1972-இல் இயங்கத் தொடங்கியது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவற்றின் உயர்வான்வெளியையும் வடமேற்கு ஜெர்மனியின் உயர்வான்வெளியையும், அதாவது 24,500 அடிக்கு மேலுள்ள பகுதியை, அது ஒரே கூரையின்கீழ் கட்டுப்படுத்துகிறது. நான்கு அரசுகளும் தெளிவான உடன்படிக்கை செய்துகொண்டு, தமக்கிடையே செலவைப் பகிர்ந்து, முடிவெடுக்கும் உரிமையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டன. ஆயினும் அதே யூரோகண்ட்ரோல் நிறுவிய கார்ல்ஸ்ரூ மையம் ஜெர்மனிக்கும், ஷானன் மையம் அயர்லாந்துக்கும் திரும்பிச் சென்றன. மாஸ்ட்ரிக்ட் ஒரு விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

அதைப் பொதுவிதியாக்க ஐரோப்பிய ஆணையம் தேர்ந்த வழி வரைபடம். 2012 டிசம்பருக்குள் ஒன்பது ‘செயல்சார் வான்தொகுதிகள்’ அமைய வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. ஒன்பதும் ஏட்டில் அமைந்தன. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், ஸ்விட்சர்லாந்து என ஆறு நாடுகள் ஒரு தொகுதியாயின. ஆனால் அவற்றின் மையங்கள் இணையவில்லை, கட்டணம் ஒன்றாகவில்லை. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, பண்பாடு மாறியிருக்கிறது, வானம் இன்னும் ஒன்றாகவில்லை என்ற பொருள்படத் தலைப்பிட்டுக்கொண்டது. தணிக்கையாளர்களின் மொழியில் இதைவிடக் கடுமையாகச் சொல்ல இயலாது.

பழைய யூகோஸ்லாவிய நிலங்களில் இதே வினா தலைகீழாக நிற்கிறது. போருக்குப் பின் பொஸ்னியாவின் வானை நெடுங்காலம் குரோவாசியாவும் செர்பியாவும் கட்டுப்படுத்தின. பிரசல்ஸின் அளவுகோலில் அது விரும்பத்தக்க ‘ஒருங்கிணைப்பு’. பொஸ்னியாவோ தன் நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, படிப்படியாக 2019 டிசம்பரில் தன் வானை முழுமையாக ஏற்றுக்கொண்டது. போரில் தம் வானை இழந்தவர்களிடம் சிறு மையங்கள் சிக்கனமல்ல என்று கணக்குக் காட்டுவது எளிது. அந்தக் கணக்கில் எது சேரவில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். அதற்கு அருகிலேயே, கொசோவோவின் உயர்வான்வெளியை 2014 முதல் புடாபெஸ்டிலிருந்து ஹங்கேரிய நிறுவனம் கட்டுப்படுத்திவருகிறது. தரைக்கு உரிமை கோருவோருக்கிடையே வழக்கு தீராத இடத்தில், வழக்கில் பங்கில்லாத மூன்றாம் நாடு வானைப் பார்த்துக்கொள்கிறது. தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இறையாண்மை வாதம் நேர்மையற்றதாக மாறும் இடங்களும் உண்டு. ஒரு நாட்டின் வானைக் கடக்கும் விமானம் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப வழிக்கட்டணம் செலுத்துகிறது. அலகுக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. எனவே மலிவான வானைத் தேடிச் சில விமானங்கள் நேர்வழியை விட்டுச் சுற்றிச் செல்கின்றன. எரிபொருளும் கரியமில வாயுவும் வீணே கூடுகின்றன. இதில் பாதுகாக்கப்படுவது எந்தக் குடிமகனின் உரிமையும் அன்று. அதுபோலவே, 2013-ஆம் ஆண்டின் வரைவு பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததற்கு ஒரு காரணம் ஜிப்ரால்டர் விமான நிலையத்துக்கு அது பொருந்துமா என்பதில் ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் இருந்த பிணக்கு. ஒரேயொரு ஓடுபாதைக்காக ஒரு கண்டத்தின் வானம் காத்திருந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகே அந்த முட்டுக்கட்டை விலகியது.

இந்திய மாணவர்களுக்கு இவ்விவாதம் சற்று அந்நியமாகத் தோன்றலாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு வான்தகவல் மண்டலங்களை நாக்பூரை மையமாகக் கொண்டு இணைக்கும் திட்டம் இங்கும் பேசப்படுகிறது. அதையும் ‘ஒற்றை வானம்’ என்றே அழைக்கின்றனர். ஆனால் இங்கே நான்கும் ஒரே அரசின், ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. பிழை நேர்ந்தால் எந்த நாட்டின் நீதிமன்றத்துக்குச் செல்வது என்ற வினா எழவே எழாது. பெயரொற்றுமையை நம்பி ஐரோப்பாவை இந்தியாவோடோ அமெரிக்காவோடோ ஒப்பிடும் ஆய்வுகள் வழுக்கும் இடம் இதுவே.

2024-ஆம் ஆண்டின் சட்டம் வான்தொகுதிகளைக் கட்டாயமாக்கும் விதியைக் கைவிட்டது. செயல்திறன் மதிப்பீட்டையும் வலையமைப்பு மேலாண்மையையும் ஓரளவு வலுப்படுத்தியது. ஆணையம் கேட்ட அதிகாரங்களுள் பல பேச்சுவார்த்தையில் கரைந்தன. பத்திரிகைகள் அதைத் தோல்வியாகவே எழுதின. அதைவிடப் பெரிய குறை பேசப்படவில்லை. ஒரு நாட்டின் வானை இன்னொரு நாட்டின் நிறுவனம் கட்டுப்படுத்தும்போது பிழைக்கு இழப்பீடு தருபவர் யார், விசாரிப்பவர் யார், பாதிக்கப்பட்ட குடும்பம் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பவை இன்றும் அந்தந்த நாடுகளின் தனித்தனி உடன்படிக்கைகளிடமே விடப்பட்டுள்ளன.