கினிப் பன்றி: கடைக்கு முன் காப்பகம்

கினிப் பன்றி வளர்க்க விரும்புவோர் கடைக்குப் போகுமுன் சென்னை புளூ கிராஸ் போன்ற விலங்குக் காப்பகங்களில் விசாரிக்க வேண்டும். கடைக் கூண்டில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் கலந்தே கிடக்கும். பிறந்த சில வாரங்களிலேயே பெண் சினைப்பட்டுவிடும். வாங்கிய ஒரு விலங்கு இரண்டு மாதம் சொச்சத்தில் நான்கைந்தாகும்; பிறகு வீட்டுக்கே பாரம். காப்பகத்து விலங்குக்கு நோய் இருக்கும் என்பார்கள். அங்கே கால்நடை மருத்துவராவது பார்த்திருப்பார். கடையில் யார் பார்க்கிறார்கள்?

விருத்தாசலத்து வெயிலைக் கினிப் பன்றி தாங்குமா என்பது நியாயமான கேள்வி. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. தகரக் கூரை வீட்டினர் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள், குளிர்ச்சியான அறை, நாள் முழுக்கப் புல், கவிழாத நம்மூர்ப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர், வைட்டமின் சி-க்குச் சிறு துண்டு கொய்யா என 5 முதல் 8 ஆண்டுகள் பொறுப்பேற்க முடிந்தால், ஒரே பாலின ஜோடியாகத் தத்தெடுங்கள்.

— ஒரு வாசகர், விருத்தாசலம்